வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழிலில் பிறந்த மூன்று ஆங்கிலக் குடும்பப்பெயர்கள்

ஜானி வாக்கர் புட்டியின் லேபிளில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் வீசி நடந்துபோவார். 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்த உருவம் அது. பெயர் வாக்கர், அதனால் மனிதர் நடக்கிறார். ஆனால் 1820இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னக் ஊரில் மளிகைக் கடை தொடங்கிய ஜான் வாக்கரின் குடும்பப்பெயருக்கு நடைப்பயணத்தோடு சம்பந்தம் கிடையாது. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை நனைத்து, மிதித்து, இறுக்கிக் கொடுத்த தொழிலாளிக்கு வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வழங்கிய பெயர்தான் வாக்கர். அதே வேலையைச் செய்தவரைத் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கில் டக்கர் என்றார்கள். மூன்றும் இன்று குடும்பப்பெயர்களாக உலகமெங்கும் புழங்குகின்றன.

ஆங்கிலக் குடும்பப்பெயர்கள் எப்படி உருவாயின என்று புரிந்துகொள்ள இந்த மூன்றையும் விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. தொழில், வட்டார வழக்கு, வரிக்கணக்கு மூன்றும் இவற்றில் ஒன்றாகச் சந்திக்கின்றன.

ஒட்டிக்கொண்ட பெயர்

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு அங்கே பெரும்பாலோருக்கு ஒற்றைப் பெயர்தான். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அடையாளத்துக்கு ஏதாவது ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள். நம் ஊரில் 'டெய்லர் முருகன்', 'வடக்குத் தெரு முருகன்' என்பது போலத்தான். இப்படிச் சேர்ந்த அடைமொழிகள் நான்கு வகை. இருப்பிடத்தால் வந்தவை ஹில், வுட் போன்றவை. தொழிலால் வந்தவை ஸ்மித், டெய்லர், பேக்கர். தந்தை பெயரால் வந்தவை ஜான்சன், ரிச்சர்ட்ஸ். உருவத்தையோ குணத்தையோ வைத்து வந்தவை பிரவுன், ஷார்ட், ஆர்ம்ஸ்ட்ராங்.

அடைமொழி வேறு, குடும்பப்பெயர் வேறு. 'டெய்லர் முருகனின்' மகன் பஸ் ஓட்டினால் அவரை யாரும் டெய்லர் என்று கூப்பிட மாட்டார்கள். நம் இனிஷியலும் தலைமுறைக்கு ஒருமுறை மாறிவிடுகிறது. இங்கிலாந்திலும் முதலில் அப்படித்தான் இருந்தது: தந்தை வாக்கர், மகன் தச்சு வேலை கற்றால் ரைட். மகன் தச்சராக இருந்தும் வாக்கர் என்றே எழுதப்பட்ட நாளில்தான் அந்தப் பெயர் குடும்பப்பெயர் ஆகிறது. நிலம் வைத்திருந்த நார்மானியப் பிரபுக் குடும்பங்களில் இது முதலில் நடந்தது. பிறகு 12ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டுக்குள் சாதாரண மக்களிடம் பரவியது. தெற்கில் முன்னதாகவும் வடக்கில் கொஞ்சம் தாமதமாகவும் ஊன்றியது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளிலும் இன்னும் பல தலைமுறைகள் பிடித்தன.

காரணம் பெரும்பாலும் எழுத்துவேலைதான். பண்ணைப் பிரபுவின் நீதிமன்றம், இன்ன துண்டு நிலம் இன்னாரிடமிருந்து இன்ன மகனுக்குப் போனது என்று எழுதி வைத்தாக வேண்டும். 1377, 1379, 1381 ஆகிய மூன்று ஆண்டுகளில் அரசு தலைவரி வாங்கியபோது ஊர் ஊராகப் பெயர் எழுதினார்கள். ஏட்டில் ஏறிய பெயர் எளிதில் மாறாது. மூன்று பெயர்களுக்கும் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுத்துச் சான்று கிடைக்கிறது. அந்தக் காலத்துப் பதிவுகளில் பெயருக்கு நடுவே 'லெ' என்ற பிரெஞ்சுச் சொல் நிற்கும். 'லெ வாக்கர்' என்று இருந்தால், அந்த மனிதரே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார் என்பதற்கான நல்ல அறிகுறி.

தொழில் எதுவானாலும் பெயராகிவிடாது. ஊரே ஏர் பிடிக்கும்போது உழவர் என்று சொல்லி ஒருவரைத் தனியாகக் காட்ட முடியாது. ஊருக்கு ஒருவராக இருந்த கொல்லர் ஸ்மித் ஆனார். நல்ல நீரோட்டம் இருந்த பள்ளத்தாக்குக்கு ஒருவராக இருந்த துணி மிதிப்பவர் வாக்கர் ஆனார்.

அந்த வேலை என்ன?

கம்பளி ஸ்வெட்டரைத் தெரியாமல் வெந்நீரில் வாஷிங் மெஷினில் போட்டு எடுத்த வீடுகளில் இந்தத் தொழிலின் அடிப்படையைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். பெரியவருக்கு வாங்கியது குழந்தை அளவுக்குச் சுருங்கிவிடும். பின்னல் கண்கள் மறைந்து, துணி தடித்து, அட்டை போல நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் பழைய அளவுக்கு வராது. ஸ்வெட்டருக்கு இது விபத்து. இடைக்கால இங்கிலாந்தின் கம்பளித் துணிக்கு இதைத்தான் திட்டமிட்டு, அளவு பார்த்துச் செய்தார்கள்.

கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக உண்டு. எல்லாம் இழையின் நுனியைப் பார்த்தபடி இருக்கும். சூடும் ஈரமும் சோப்பில் இருப்பது போன்ற காரமும் பட்டால் இழை உப்பிச் செதில்கள் தூக்கிக்கொள்ளும். அந்த நிலையில் அழுத்தி அழுத்தி எடுத்தால் ஒவ்வொரு இழையும் தன் வேர்ப்பக்கமாக மட்டுமே நகரும், திரும்பி வராது. பக்கத்து இழைகளோடு சிக்கிப் பூட்டிக்கொள்ளும். பருத்தியில் செதில் இல்லாததால் இப்படி இறுகாது. பருத்தி நெய்யும் ஊர்களுக்கு இந்த வேலையே தேவைப்படவில்லை. ஆங்கில பைபிளில் மாற்கு 9:3இல் 'ஃபுல்லர்' என்று வரும் இடத்தைத் தமிழ் பைபிள் 'வண்ணான்' என்றதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வசனம் வெண்மையைப் பற்றியது, அதற்கு இந்தச் சொல் பொருந்துகிறது. ஆனால் ஃபுல்லர் செய்த வேலையில் வெளுப்பது ஒரு பகுதிதான். துணியைச் சுருக்கி இறுக்குவதே அவருடைய தனித்தொழில்.

தறியிலிருந்து வரும் கம்பளித் துணி தளர்வாக, கண் கண்ணாக இருக்கும். நூற்கும்போது கம்பளி மயிர் வழுக்கி வருவதற்காகத் தடவிய எண்ணெயோ வெண்ணெயோ அதில் ஊறிப் பிசுபிசுக்கும். முதல் வேலை அந்தப் பிசுக்கை எடுப்பது. அதற்குப் பயன்பட்டது பழைய மூத்திரம். வீடு வீடாகச் சேகரித்துப் பீப்பாய்களில் வாரக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். அதில் உள்ள யூரியா அம்மோனியாவாக மாறும். அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிக் கழுவிக்கொண்டு போகும். புதிதாகப் பிடித்ததை ஊற்றினால் வேலைக்கு ஆகாது. ரோமானியர் காலத்திலேயே இந்த முறை இருந்தது, வெஸ்பேசியன் பேரரசர் மூத்திரத்துக்கு வரியே போட்டார்.

அடுத்து மண். எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணைத் துணியில் தேய்த்து அலசுவார்கள். அதன் ஆங்கிலப் பெயரே 'ஃபுல்லர்ஸ் எர்த்', அதாவது ஃபுல்லரின் மண். சர்ரே மாவட்டத்தின் நட்ஃபீல்ட், பெட்ஃபோர்ட்ஷயர் எல்லையில் உள்ள ஓபர்ன் சாண்ட்ஸ் ஆகிய இடங்களில் அது வெட்டி எடுக்கப்பட்டது. கம்பளி வியாபாரத்தில் போட்டி நாடுகளுக்குப் போய்விடக் கூடாது என்று 17ஆம் நூற்றாண்டில் அதன் ஏற்றுமதியையே தடை செய்தார்கள். நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி இந்த மண்ணின் வகையைச் சேர்ந்ததுதான். முகத்தின் எண்ணெயை அது எப்படி இழுக்கிறதோ அப்படித்தான் துணியின் எண்ணெயையும் இழுத்தது.

பிசுக்கு போன பிறகுதான் மிதிப்பது. துணியைத் தொட்டியில் மடித்துப் போட்டு, வெதுவெதுப்பான நீர் விட்டு, உள்ளே இறங்கி மணிக்கணக்கில் மிதித்தார்கள். தண்ணீரில் சுழலும் சக்கரம் வந்தபின் காலின் இடத்தை மரச் சுத்தியல் பிடித்தது. சக்கரத்தின் அச்சில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள் கனமான சுத்தியலைத் தூக்கித் தூக்கி விடும், அது தொட்டியில் உள்ள துணி மேல் விழும். இங்கிலாந்தில் இப்படிப்பட்ட ஆலைகளுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகள் 1185ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. டெம்ப்ளர் துறவி வீரர்கள் அந்த ஆண்டு எடுத்த சொத்துக் கணக்கில் யார்க்‌ஷயரின் நியூஸம், கிளஸ்டர்ஷயரின் பார்ட்டன் ஆகிய இரண்டு இடங்களில் துணி மிதிக்கும் ஆலைகள் வருகின்றன. குடும்பப்பெயர்கள் உறையத் தொடங்கியதும் இந்த ஆலைகள் பரவியதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை.

தொட்டியின் உட்புறம் வளைவாக இருக்கும். ஒவ்வொரு அடிக்கும் துணி கொஞ்சம் புரண்டு கொடுக்க வேண்டும் என்பதற்காக அந்த வளைவு. புரளாவிட்டால் ஒரே இடத்தில் அடி விழுந்து அங்கே மட்டும் கட்டிதட்டும். புரண்டாலும் போதாது. இடையிடையே ஆலையை நிறுத்தி, துணியை வெளியே இழுத்து, மடிப்புகளை நீவி, அகலத்தை அளந்து, மறுபடியும் வேறு மாதிரி மடித்துப் போட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் மடிப்பு விழுந்த இடம் மடிப்பாகவே இறுகிவிடும். எந்தச் சலவையும் அதைப் பிறகு எடுக்காது. சோப்பு குறைந்தால் உராய்ந்து ஓட்டை விழும். நேரம் கூடினால் துணி தேவைக்கு மேல் சுருங்கி விலை போகாது. தடித்த துணிக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும். இரண்டரை கெஜத்துக்கும் மேல் அகலமாக நெய்த உயர்தரத் துணி முடிவில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் கெஜத்தில் நிற்கும். எந்தக் கணத்தில் நிறுத்துவது என்று தெரிந்தவர்தான் நல்ல ஃபுல்லர்.

நனைந்த துணி காயும்போது மேலும் கோணலாகச் சுருங்காமல் இருக்க, வயலில் நீளமாக நட்ட மரச் சட்டங்களில் வளைந்த ஆணிகளால் விளிம்பைக் கோத்து இழுத்துக் கட்டுவார்கள். அந்தச் சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். 'என்ன ஆகுமோ' என்று தவிப்பதை ஆங்கிலத்தில் 'ஆன் டென்டர்ஹூக்ஸ்' என்பார்கள். அந்த ஆணிகளில் இழுபட்டு நிற்கும் துணியின் நிலையே அது. இங்கே ஒரு மோசடியும் நடந்தது: கூடுதலாக இழுத்துக் கட்டி அளவைப் பெருக்கி விற்றார்கள், வாங்கியவர் மழையில் நனைந்ததும் உடுப்பு சுருங்கியது. 16ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள் இதைத் தடுக்கப் பார்த்தன. காய்ந்த பின் டீஸல் (teasel) என்ற முட்செடியின் காய்ந்த தலைகளால் துணியைச் சீவி மயிரெழுப்புவார்கள். பிறகு பெரிய கத்தரியால் சமமாக வெட்டுவார்கள். அப்படி வெட்டியவர் ஷியர்மன். அமெரிக்காவில் நாம் கேள்விப்படும் ஷெர்மன் அந்தப் பெயரின் இன்னொரு வடிவம்.

மூன்று சொற்கள் எங்கிருந்து வந்தன?

வாக்கரைப் பற்றி ஒரு பாதி உண்மை புழக்கத்தில் இருக்கிறது: 'துணி மேல் நடந்தார்கள், அதனால் வாக்கர்.' மிதித்தது உண்மைதான். ஆனால் சொல்லின் வரலாறு எதிர்த்திசையில் ஓடுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்றால் உருட்டுவது, புரட்டுவது. அப்போது காலால் நடப்பதற்கு வேறு சொற்கள் இருந்தன. துணியைப் புரட்டி இறுக்குபவர் 'வெயல்கெரெ'. அதே வேர்ச்சொல் ஜெர்மன் மொழியில் 'வால்கன்' என்று இன்றும் உண்டு. அங்கே அதற்குத் துணியை மிதித்து இறுக்குவது, பிசைவது என்றுதான் பொருள், நடப்பது என்ற பொருளே வரவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் 'புரள்வது' என்பது 'அங்கும் இங்கும் திரிவது' ஆகி, பிறகு 'நடப்பது' ஆனது. நடப்பது என்ற பொருள் நிலைபெறும் முன்பே தொழிலாளிக்கு அந்தப் பெயர் இருந்தது. ஸ்காட்லாந்தில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. மேற்குத் தீவுகளில் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியைத் தாளத்தோடு அடித்தபடி பாடிய பாடல்களுக்கு ஆங்கிலத்தில் 'வாக்கிங் பாடல்கள்' என்று பெயர். எழுத்துக்கூட்டு கொஞ்சம் வேறு, சொல் அதுவேதான்.

ஃபுல்லர் லத்தீனிலிருந்து வந்தது. 'ஃபுல்லோ' என்ற ரோமானியத் தொழில்பெயர் பழைய ஆங்கிலத்தில் 'ஃபுல்லெரெ' ஆயிற்று. மிதிப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் நார்மானியரோடு வந்து அதற்கு வலு சேர்த்தது. நிறைவைக் குறிக்கும் 'ஃபுல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. தென் மாவட்டங்களின் பேச்சில் 'ஃப' ஒலி 'வ' ஆனதால் வோலர் என்ற பெயரும் கிடைக்கிறது.

டக்கரின் வேர், பழைய ஆங்கிலத்தின் 'டூகியன்'. அதற்குப் பொருள் வதைப்பது, படாதபாடு படுத்துவது. ஒரு நாள் முழுக்கச் சுத்தியல் அடி வாங்கும் துணிக்குப் பொருத்தமான சொல்தான்.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்லிஃப் குழுவினர் பைபிளை ஆங்கிலத்தில் ஆக்கியபோது, மேலே சொன்ன மாற்கு வசனத்தில் 'ஃபுல்லர், அல்லது துணி வாக்கர்' என்று இரண்டு சொற்களையும் எழுதி வைத்தார்கள். ஒரு மாவட்டத்தாருக்கு ஒன்று புரியும், அடுத்தவருக்கு மற்றது புரியும். வட்டார வழக்குக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

நிலப்படத்தில் பார்த்தால்

1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பெயர்களை நிலப்படத்தில் குறித்தால் இடைக்காலப் பேச்சுவழக்கே எழுந்து நிற்கிறது. யார்க்‌ஷயர், லங்காஷயர், டர்ஹம் என வடக்கில் வாக்கர் அடர்த்தி. டெவன், கார்ன்வால், சாமர்செட்டில் டக்கர். கென்ட், சசெக்ஸ், சஃபோக், நார்ஃபோக் பக்கம் ஃபுல்லர். அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும், ரயில் வந்த பிறகும், பெரும்பாலோர் பிறந்த திசையிலேயே இருந்திருக்கிறார்கள்.

ஆலைகளின் பெயரும் இதே கோட்டில் போகிறது. வடக்கில் வாக் மில், தென்மேற்கில் டக்கிங் மில். கார்ன்வாலின் கேம்போர்ன் அருகே டக்கிங்மில் என்று ஓர் ஊரே உண்டு. வேல்ஸ் மொழியில் அதே ஆலை 'பாண்டி', டோனிபாண்டி ஊர்ப்பெயரின் பின்பாதி அதுதான்.

எக்ஸிட்டர் நகரத்தில் 1471இல் கட்டிய தொழிற்சங்க மண்டபம் ஒன்று இன்றும் நிற்கிறது. சங்கத்தின் முறையான பெயர் நெசவாளர், ஃபுல்லர், ஷியர்மன் சங்கம். ஆனால் டெவன் மக்கள் வாயில் அது 'டக்கர்ஸ் ஹால்'. பட்டயத்தில் ஒரு சொல், தெருவில் வேறொரு சொல். குடும்பப்பெயராக ஒட்டியது தெருவில் புழங்கிய சொல்.

தேடுபவர் தடுமாறும் இடங்கள்

ஒரு வாக்கர் குடும்பத்தின் வேரைத் தேடுபவர் இன்றிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். இடைக்காலத்து வாக்கர் ஒருவரைப் பிடித்து முன்னோக்கி வந்தால் யாரோ ஒருவருடைய வம்சத்தில் போய் நிற்பார். இங்கிலாந்து, வேல்ஸில் அரசின் பிறப்பு இறப்புப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்குகிறது, ஸ்காட்லாந்தில் 1855இல். மக்கள்தொகைக் கணக்கில் ஊர் முழுக்கப் பெயர் வாரியாக விவரம் கிடைப்பது 1841 முதல். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022இல் திறக்கப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸின் 1931ஆம் ஆண்டுக் கணக்கு 1942இல் தீயில் போயிற்று, 1941இல் கணக்கே எடுக்கவில்லை. 1837க்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான் துணை. அவற்றை எழுத 1538இல் ஆணை பிறந்தது. அதற்கும் முன்னால் போக உயில், பண்ணை நீதிமன்றச் சுருள், தலைவரிப் பட்டியல்.

1752க்கு முந்தைய பதிவுகளில் தேதி ஏமாற்றும். அப்போது இங்கிலாந்தில் ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. 1700 ஜூனில் திருமணம், 1700 பிப்ரவரியில் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று இருந்தால், குழந்தை முதலில் வந்துவிட்டதாக எண்ணிப் பெற்றோர் பெயரை மாற்றிக் குறிப்பவர்கள் உண்டு. அந்த பிப்ரவரி நம் கணக்கில் 1701.

இன்னும் பழைய ஆவணங்கள் லத்தீனில் இருக்கும். எழுத்தர் வாக்கரையும் 'ஃபுல்லோ' என்று எழுதுவார், டக்கரையும் 'ஃபுல்லோ' என்றே எழுதுவார். அண்டை வீட்டார் அவரை என்னவென்று கூப்பிட்டார்கள் என்பது அந்த ஏட்டிலிருந்து தெரியவராது. ஊரைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

'வாக்கர் குலச் சின்னம்' என்று விற்கப்படும் கேடயப் படங்களை வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் குலச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. குடும்பப்பெயருக்கு என்று ஒரு சின்னம் கிடையாது. வாக்கர் என்ற பெயர் நூற்றுக்கணக்கான பள்ளத்தாக்குகளில் தனித்தனியாக முளைத்தது, இரண்டு வாக்கர்கள் உறவினராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நியூகாசில் நகரத்தின் வாக்கர் பகுதியிலிருந்து ஊர்ப்பெயராக எடுத்தவர்களும் சிலர் இருக்கலாம். அந்த ஊர்ப்பெயருக்கு, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலருகே உள்ள சதுப்பு என்று பொருள், துணியோடு தொடர்பில்லை. அயர்லாந்தின் டக்கர்கள் பலர் ஓ டூகர் என்ற ஐரிஷ் பெயரை ஆங்கிலமாக்கிக்கொண்டவர்கள். ஸ்காட்லாந்திலோ 'மிதிப்பவர் மகன்' என்ற பொருள்கொண்ட கேலிக் பெயரை அப்படியே மொழிபெயர்த்து வாக்கர் ஆனவர்களும் உண்டு.

அமெரிக்காவில் தேடும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் பலர் முதலாளி குடும்பத்தின் பெயரைத் தாங்கினார்கள், அல்லது 1865இல் விடுதலை பெற்றபோது தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். அங்குள்ள வாக்கர்களில் பலருக்கு யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கில் முன்னோர் கிடையாது. திருமணத்தால் வந்ததும் உண்டு. தலைமுடித் தைலம் விற்றுப் பெரும் தொழிலதிபராக உயர்ந்த மேடம் சி. ஜே. வாக்கர் 1867இல் லூசியானாவில் பிறந்தபோது அவர் பெயர் சாரா பிரீட்லவ். கணவர் சார்லஸ் ஜோசஃப் வாக்கரின் பெயரைத்தான் அவர் தன் டப்பாக்களில் அச்சிட்டார்.